அடுத்த கலீஃபா யார்? உமர் (ரலி) முன்னால் இருந்த நான்கு வழிகள்

ஹிஜ்ரி 23, துல்ஹஜ் மாதக் கடைசி. கி.பி. 644 நவம்பர். மதீனாவில் சுப்ஹு தொழுகை. ஸஃப்புகளுக்கு (தொழுகை வரிசைகளுக்கு) நடுவே நடந்து, இடைவெளி இல்லாமல் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, முன்னால் போய்த் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார் இரண்டாம் கலீஃபா உமர் (ரலி). உடனே அபூ லுஃலுஆ என்ற அடிமை இருபுறமும் கூரான கத்தியால் அவரைக் குத்தினான். ஓடும் வழியில் வலமும் இடமுமாக 13 பேரைக் குத்தினான். அவர்களில் 7 பேர் பிழைக்கவில்லை. பள்ளியின் ஓரங்களில் நின்றவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. உமரின் குரல் கேட்காமல் போனது ஒன்றுதான் தெரிந்தது. "சுப்ஹானல்லாஹ், சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

குத்துப்பட்ட உமர், பக்கத்தில் இருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) கையைப் பிடித்து இமாமாக முன்னே நிறுத்தினார். அவர் தொழுகையைச் சுருக்கி முடித்து வைத்தார். இந்த அப்துர் ரஹ்மானை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதை முழுக்க அவர் வருகிறார், எப்போதும் இரண்டாவது ஆளாகவே.

உமரை வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பேரீச்சம்பழம் ஊறிய நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். வயிற்றுக் காயத்தின் வழியே வெளியே வந்தது. பால் கொடுத்தார்கள், அதுவும் வந்தது. இனி அவர் பிழைக்கமாட்டார் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. தன் கடன் எவ்வளவு என்று மகன் அப்துல்லாஹ்வைக் கணக்குப் பார்க்கச் சொன்னார். 86,000 அளவில் வந்தது. குடும்பச் சொத்தில் இருந்து கொடு, போதாவிட்டால் நம் குலத்தாரிடம் கேள், அதுவும் போதாவிட்டால் குறைஷிகளிடம் கேள், அதைத் தாண்டிப் போகாதே என்றார். இராக், ஷாம் (சிரியாப் பகுதி), எகிப்து, பாரசீகத்தின் பெரும்பகுதி எல்லாம் அவருடைய ஆட்சியின் கீழ் இருந்த நாள் அது. அப்போதுதான் சுற்றி இருந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்: "அமீருல் முஃமினீன் (நம்பிக்கையாளர்களின் தலைவரே), உங்களுக்குப் பின் யார் என்று சொல்லிவிட்டுப் போங்கள்."

இந்தக் கேள்விக்கு அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. யாரையும் சொல்லாமல் போவது. ஒருவர் பெயரைச் சொல்வது. மகனைச் சொல்வது. ஒரு சிலரை நியமித்து அவர்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. நம் மஹல்லா ஜமாஅத்துகளில் நிர்வாகத் தேர்வு வரும்போது, "ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா?" என்று ஒருவர் முதல் கலீஃபா அபூபக்கரைச் சொல்வதையும் இன்னொருவர் ஷூராவை (ஆலோசனைக் குழுவை) சொல்வதையும் நாம் கேட்டிருக்கிறோம். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த வழி எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது, யாருடைய குணம் அதைத் தாங்கி நின்றது என்ற பேச்சு வருவதில்லை. என்னைப் பொறுத்தவரை விஷயமே அதில்தான் இருக்கிறது. தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர், அந்தத் தேர்வில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்தாரா? நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

சொல்லாமல் போவது

மகள் ஹஃப்ஸா (ரலி) தன் தம்பி அப்துல்லாஹ்விடம், "உன் தந்தை யாரையும் நியமிக்கப் போவதில்லை, தெரியுமா?" என்றார். அப்துல்லாஹ்வுக்கு மனம் கேட்கவில்லை. தந்தையிடம் இதைப் பேசியே தீருவது என்று சத்தியம் செய்துகொண்டார். ஆனாலும் உடனே வாய் வரவில்லை. மறுநாள் காலைவரை கையில் மலையைச் சுமப்பதுபோல் இருந்தது என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் போய்ச் சொன்னது இதுதான்: "உங்களுடைய ஒட்டகங்களையோ ஆடுகளையோ மேய்ப்பவன் அவற்றை அப்படியே விட்டுவிட்டு உங்களிடம் வந்தால், பாழாக்கிவிட்டான் என்றுதானே சொல்வீர்கள்? மக்களை மேய்ப்பது அதைவிடப் பெரிய காரியமாயிற்றே."

உமர் சிறிது நேரம் தலையைத் தாழ்த்தி யோசித்தார். பிறகு நிமிர்ந்து, அல்லாஹ் தன் மார்க்கத்தைக் காப்பான் என்று சொல்லி, இதையும் சொன்னார்: "நான் யாரையும் நியமிக்காமல் விட்டால், அல்லாஹ்வின் தூதர் நியமிக்காமல் சென்றார்கள். நியமித்தால், அபூபக்கர் நியமித்தார்." நபியவர்களின் பெயரை அவர் எடுத்ததுமே, வேறு யாரையும் அதற்குச் சமமாக வைக்கமாட்டார், பெயர் சொல்லாமல்தான் போவார் என்று தனக்குப் புரிந்துவிட்டது என்கிறார் அப்துல்லாஹ்.

(நபி (ஸல்) அவர்கள் யாரையும் நியமிக்கவில்லை என்பது அஹ்லுஸ் ஸுன்னாவின், அதாவது ஸுன்னிகளின் நிலை. கதீர் கும் என்ற இடத்தில் தம் மருமகன் அலீ (ரலி) அவர்களை நியமித்தார்கள் என்பது ஷீஆக்களின் நிலை. இந்தக் கட்டுரை முதல் நிலையில் நின்று பேசுகிறது. உமர் அப்படித்தான் புரிந்துகொண்டு பேசினார் என்பதால், அவருடைய முடிவை அலசுவதற்கு அதுவே இடம்.)

பெயர் சொல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை உமர் கண்ணால் பார்த்தவர். கி.பி. 632. நபியவர்கள் வஃபாத்தான (இறந்த) அன்றே அன்சாரிகள் (மதீனாவின் உள்ளூர் முஸ்லிம்கள்) பனூ ஸாஇதா குலத்தாரின் ஸகீஃபாவில், அதாவது அவர்களுடைய கூரைப் பந்தலில் கூடிவிட்டார்கள். கஸ்ரஜ் தலைவர் ஸஅத் பின் உபாதா போர்த்திக்கொண்டு காய்ச்சலோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். அபூபக்கர், உமர், அபூ உபைதா மூவரும் அங்கே போனார்கள். உமர் மனத்துக்குள் ஒரு நல்ல பேச்சைத் தயாரித்து வைத்திருந்தார். அபூபக்கர் "பொறு" என்று சொல்லித் தானே பேசினார். "நான் யோசித்து வைத்திருந்ததில் ஒன்றைக்கூட விடவில்லை, என்னைவிட நன்றாகவே பேசினார்" என்று உமர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். பேச்சின் முடிவில் அபூபக்கர் செய்ததுதான் முக்கியம். ஒரு கையில் உமரையும் மறு கையில் அபூ உபைதாவையும் பிடித்து, "இந்த இருவரில் ஒருவரை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றார். தன்னைச் சொல்லவில்லை. அபூபக்கர் இருக்கும் கூட்டத்துக்கு நான் தலைவனாவதைவிட என் கழுத்தை வெட்டுவதே எனக்கு மேல் என்றார் உமர். அன்சாரிகளில் ஒருவர், "எங்களில் ஓர் அமீர், உங்களில் ஓர் அமீர்" என்றார். சத்தம் கூடியது. பிளவு வந்துவிடும் என்று பயந்த உமர், "கையை நீட்டுங்கள், அபூபக்கரே" என்று பைஅத் செய்தார், அதாவது கைகொடுத்துத் தலைவராக ஏற்றார். முஹாஜிர்கள் (மக்காவிலிருந்து வந்தவர்கள்) செய்தார்கள். அன்சாரிகளும் செய்தார்கள். மறுநாள் பள்ளிவாசலில் பொது பைஅத்.

அது நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதையே முறையாக்கலாமா? இதற்கு உமரே பதில் சொல்லியிருக்கிறார், அதுவும் குத்துப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்னால். தன் கடைசி ஹஜ்ஜில் மக்காவுக்கு அருகே மினாவில் இருந்தபோது ஒரு செய்தி காதுக்கு வந்தது: "உமர் இறந்தால் நான் இன்னாருக்கு பைஅத் செய்துவிடுவேன், அபூபக்கரின் பைஅத்தும் திடீரென்று நடந்ததுதானே!" என்று யாரோ பேசியிருக்கிறார். உமருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று மாலையே மக்களிடம் பேசப் புறப்பட்டார். தடுத்தவர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப். "ஹஜ்ஜில் எல்லாத் தரப்பு மக்களும் கூடியிருக்கிறார்கள். நீங்கள் சொல்வதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு பரப்புவார்கள். மதீனாவுக்குப் போய், விஷயம் புரிந்தவர்கள் முன்னால் பேசுங்கள்" என்றார். உமர் கேட்டார். மதீனா திரும்பி, ஜும்ஆவில் மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்) ஏறிச் சொன்னார்: ஆம், அது திடீரென்றுதான் நடந்தது, அதன் தீங்கிலிருந்து அல்லாஹ் காப்பாற்றினான், அபூபக்கரைப் போல எல்லோரும் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும் ஓர் ஆள் இன்று உங்களில் இல்லை, ஆகவே முஸ்லிம்களின் ஆலோசனை இல்லாமல் யாருக்காவது பைஅத் செய்தால், செய்தவனையும் ஏற்றவனையும் பின்பற்றக் கூடாது.

தான் முன்னின்று நடத்திய ஒன்றைப் பற்றி, அதனால் தனக்கே பெருமை சேர்ந்த ஒன்றைப் பற்றி, "இனி இப்படிச் செய்யாதீர்கள்" என்று ஓர் ஆட்சியாளர் மிம்பரில் நின்று சொல்கிறார். உமரின் வாழ்க்கையில் என்னை மிகவும் தொட்ட இடங்களில் இதுவும் ஒன்று. அவர் சொன்ன காரணம் முழுக்க ஆளைப் பற்றியது. ஸகீஃபாவில் கையை நீட்டியவர் அபூபக்கர் என்பதால்தான் அந்த வழி நிலைத்தது. இன்னொரு குறையும் அதில் உண்டு. நபியவர்களின் ஜனாஸா காரியங்களில் இருந்த அலீயும் பனூ ஹாஷிம் குடும்பத்தாரும் ஸகீஃபாவில் இல்லை. தங்களைக் கலந்துகொள்ளவில்லை என்ற வருத்தம் அலீக்கு இருந்தது. அதை அபூபக்கரிடமே சொன்னார், அபூபக்கர் கேட்டுக் கண்ணீர் விட்டார். அந்தக் கூட்டத்துக்கு வராதவர்களின் வருத்தம் இஸ்லாமிய வரலாற்றில் இன்றுவரை ஆறவில்லை.

ஒருவர் பெயரைச் சொல்வது

கி.பி. 634இல், இரண்டேகால் ஆண்டு ஆட்சிக்குப் பின், அபூபக்கர் மரணப் படுக்கையில் இருந்தபோது இந்த வழியை எடுத்தார். படைகள் ஷாமிலும் இராக்கிலும் இருந்தன. ரித்தா போர்களின் (நபியவர்களுக்குப் பின் பிரிந்துபோன குலங்களோடு நடந்த போர்களின்) காயம் ஆறவில்லை. இன்னொரு ஸகீஃபாவுக்கு அவகாசம் இல்லை. இப்படி ஒருவரே நியமித்தார் என்று சொன்னால் தனி முடிவு என்று தோன்றும். அவர் பலரையும் தனித்தனியாக அழைத்துக் கேட்டுத்தான் முடிவுக்கு வந்தார். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபிடம் உமரைப் பற்றிக் கேட்டார். நல்லவர்தான், ஆனால் கடுமை இருக்கிறது என்றார் அப்துர் ரஹ்மான். "நான் மென்மையாக இருப்பதால் அவர் கடுமையாக இருக்கிறார், பொறுப்பு அவரிடமே வந்தால் அதில் நிறைய விட்டுவிடுவார்" என்றார் அபூபக்கர். உஸ்மான் (ரலி), "அவருடைய வெளியைவிட உள் நல்லது" என்றார். இந்தக் கடுமையான மனிதரை எங்கள்மேல் வைத்துவிட்டு ரப்பிடம் என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டவர்களும் உண்டு. "உன் மக்களில் சிறந்தவரை நியமித்தேன் என்று சொல்வேன்" என்றார்.

உஸ்மான் எழுத, அபூபக்கர் சொல்லிக்கொண்டு வரும்போது நடுவில் மயங்கிவிட்டதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பெயர் இன்னும் சொல்லவில்லை. உஸ்மான் தானே உமரின் பெயரை எழுதி வைத்தார். மயக்கம் தெளிந்ததும் படித்துக் காட்டினார். அந்த மயக்கத்தில் தான் போயிருந்தால் மக்கள் பிரிந்துவிடுவார்கள் என்று அஞ்சித்தான் உஸ்மான் எழுதினார் என்று புரிந்துகொண்டு, அபூபக்கர் அதை ஏற்றார். தன் பெயரையே எழுதிக்கொள்ள உஸ்மானுக்கு அந்த நேரம் வாய்த்திருந்தது. அவர் எழுதவில்லை.

அபூபக்கருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர் தைம் குலம். உமர் அதீ குலம். உறவைப் பார்க்காமல் பெயர் சொன்னார். தலைமையால் தனக்கு வந்ததையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. கலீஃபாவான மறுநாள் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வியாபாரத்துக்குக் கிளம்பியவர் அவர். வழியில் உமரும் அபூ உபைதாவும் நிறுத்தி, பைத்துல் மாலில் (பொதுக் கருவூலத்தில்) இருந்து குடும்பச் செலவுக்கு ஏற்பாடு செய்ததாகச் செய்தி. இறக்கும்போது, பொறுப்புக்கு வந்த பின் தன்னிடம் கூடுதலாகச் சேர்ந்ததை எல்லாம் அடுத்தவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். வந்து சேர்ந்தவை ஓர் அடிமை, தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகம், ஒரு துணி. உமர் அழுதுவிட்டார். தனக்குப் பின் வருபவர்களுக்கு இவர் காரியத்தைக் கடினமாக்கிவிட்டாரே என்றார்.

ஆக, இந்த வழிக்குச் சாதகமாக நிறையவே இருக்கிறது. வேகம் உண்டு, குழப்பம் இல்லை, முன்மாதிரியும் இருக்கிறது. பிறகு ஏன் உமர் அதை எடுக்கவில்லை? "உங்கள் பொறுப்பை உயிரோடு இருக்கும்போதும் சுமந்து, இறந்த பிறகும் சுமக்க வேண்டுமா? இதில் எனக்கு லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் சரிக்குச் சரியாகத் தப்பித்தால் போதும்" என்று அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. பெயர் சொன்னவர், அந்த ஆள் பிறகு செய்வதற்கெல்லாம் பங்காளி ஆகிறார் என்று அவர் பயந்தார். அபூ உபைதா உயிரோடு இருந்திருந்தால் அவரை நியமித்திருப்பேன் என்றும் அவர் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் அம்வாஸ் கொள்ளைநோயில் ஷாமில் அபூ உபைதா இறந்துவிட்டார். அந்தச் செய்தியை ஏற்றால், உமருக்கு இந்த வழியின்மேல் கொள்கை வெறுப்பு எதுவும் இல்லை. மற்ற எல்லோரும் தயக்கமின்றி ஏற்கும் ஒருவர் அப்போது இல்லை. ஆறேழு பேர் ஏறத்தாழ ஒரே தகுதியில் இருந்தார்கள். அப்படி இருக்கும்போது ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்களைத் தள்ளியதாகத்தான் ஆகும்.

மகனைச் சொல்வது

இதில் நிற்க வேண்டியது இல்லை, உமரே நிற்கவில்லை. அப்துல்லாஹ் பின் உமர் தகுதியில் குறைந்தவர் அல்லர். ஆனால் ஒருவர் அவர் பெயரை எடுத்ததும் உமர் சினந்தார். கத்தாப் குடும்பத்தில் ஒருவன் இதற்காக மறுமையில் கேள்வி கேட்கப்படுவது போதும் என்றார். அதோடு, ஆலோசனையில் அப்துல்லாஹ் உட்காரலாம், ஆனால் பதவியில் அவருக்குப் பங்கு இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவைத்தார். தன் சகோதரியின் கணவரும் தன் குலத்தவருமான ஸயீத் பின் ஸைத், சொர்க்கத்துக்கு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். அவரும் பட்டியலில் இல்லை.

ஆறு பேர்

கடைசியில் உமர் சொன்னார்: அல்லாஹ்வின் தூதர் வஃபாத்தாகும்போது யாரைப் பொருந்திக்கொண்டு போனார்களோ, அவர்களைவிட இதற்குத் தகுதியானவர் இல்லை. அலீ, உஸ்மான், ஸுபைர், தல்ஹா, ஸஅத் பின் அபீ வக்காஸ், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப். இந்த ஆறு பேரும் பேசித் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும்.

இதில் ஸஅதின் பெயர் இருப்பதைக் கவனியுங்கள். காதிஸிய்யா போரின் தளபதி. கூஃபாவின் ஆளுநராக இருந்தவர். கூஃபா மக்கள் அவர்மேல் புகார் சொன்னார்கள், ஒழுங்காகத் தொழவைக்கத் தெரியவில்லை என்பதுவரை. உமர் ஆள் அனுப்பி, பள்ளிவாசல் பள்ளிவாசலாக விசாரித்தார். ஒருவரைத் தவிர எல்லோரும் நல்லதாகவே சொன்னார்கள். இருந்தும் மக்களுக்கும் ஆளுநருக்கும் ஒத்துவரவில்லை என்று மாற்றினார். இப்போது மரணப் படுக்கையில் அந்தக் கறையைத் துடைத்துவிட்டுப் போகிறார்: "தலைமை ஸஅதுக்குக் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால், யார் தலைவரானாலும் அவரிடம் உதவி கேளுங்கள். திறமைக் குறைவாலோ மோசடியாலோ நான் அவரை நீக்கவில்லை." வலி உயிரை வாங்கிக்கொண்டிருக்கும்போது, தான் பதவி நீக்கிய ஒருவரின் மானத்தை நினைக்க ஒரு மனம் வேண்டும்.

அடுத்து வருபவருக்கு வஸிய்யத்தும் (இறுதி அறிவுரையும்) சொன்னார். முஹாஜிர்கள், அன்சாரிகள், நகரங்களில் குடியேறியவர்கள், கிராமத்து அரபிகள் என்று வரிசையாகச் சொல்லிவந்து, கடைசியில் முஸ்லிமல்லாத குடிகள்: அவர்களோடு செய்த ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டும், அவர்களைப் பாதுகாக்கப் போரிட வேண்டும், தாங்க முடியாததை அவர்கள்மேல் சுமத்தக் கூடாது. பிறகு, நபியவர்களுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய அனுமதி கேட்டு ஆயிஷா (ரலி) அவர்களிடம் மகனை அனுப்பும்போது சொன்னார்: "உமர் ஸலாம் சொல்கிறார் என்று சொல். அமீருல் முஃமினீன் என்று சொல்லாதே. இன்று நான் அமீர் இல்லை."

அடக்கம் முடிந்து ஆறு பேரும் கூடினார்கள். ஆறு பேரும் தகுதி உள்ளவர்கள், ஆறு பேருக்கும் வாய்ப்பு உண்டு என்றால் ஆலோசனை முடியவே முடியாது. இந்த வழியின் பெரிய பலவீனம் அதுதான். முடிச்சை அவிழ்த்தவர் அப்துர் ரஹ்மான். "உங்களில் மூன்று பேர் மற்ற மூவருக்கு விட்டுக்கொடுங்கள்" என்றார். ஸுபைர் அலீக்கு விட்டுக்கொடுத்தார். தல்ஹா உஸ்மானுக்கு. ஸஅத் அப்துர் ரஹ்மானுக்கு. மிச்சம் மூவர். "நம்மில் யார் இதிலிருந்து விலகிக்கொள்கிறாரோ, அவரிடமே தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கொடுப்போம்" என்றார் அடுத்து. அலீயும் உஸ்மானும் பேசாமல் இருந்தார்கள். "அப்படியானால் என்னிடம் விடுகிறீர்களா? உங்களில் சிறந்தவரை விட்டு நான் வழுவமாட்டேன், அல்லாஹ் சாட்சி" என்று சொல்லி அப்துர் ரஹ்மான் போட்டியிலிருந்து வெளியே வந்தார்.

அதற்குப் பின் மூன்று இரவுகள். மதீனாவில் இருந்தவர்களையெல்லாம் அவர் கேட்டார். ஹஜ்ஜுக்கு வந்திருந்த படைத்தளபதிகள் மதீனாவில்தான் இருந்தார்கள், அவர்களையும் கேட்டார். மூன்றாம் இரவு, தன் சகோதரியின் மகன் மிஸ்வர் வீட்டுக் கதவைத் தட்டினார். மிஸ்வர் தூக்கம் கலைந்து எழுந்து வந்தார். "தூங்குகிறாயா? இந்த மூன்று இரவும் என் கண்ணில் தூக்கமே இல்லை" என்றார். ஸுபைரையும் ஸஅதையும் அழைத்துவரச் சொல்லிப் பேசினார். பிறகு அலீயோடு நடு இரவுவரை. பிறகு உஸ்மானோடு சுப்ஹு பாங்கு சொல்லும்வரை. தொழுகை முடிந்ததும் மிம்பரின் பக்கம் எல்லோரும் கூடினார்கள். "அலீயே, மக்களின் மனத்தைப் பார்த்தேன். உஸ்மானுக்குச் சமமாக அவர்கள் யாரையும் வைக்கவில்லை. நீங்கள் மனத்தில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்" என்று சொல்லி உஸ்மானுக்கு பைஅத் செய்தார். மக்களும் செய்தார்கள். அலீயும் செய்தார்.

இதன்மேல் சொல்லப்படும் குறையையும் மறைக்கக் கூடாது. அப்துர் ரஹ்மானின் மனைவி உம்மு குல்ஸூம், உஸ்மானின் தாய்வழிச் சகோதரி. ஸஅதும் அப்துர் ரஹ்மானும் ஒரே குலம், பனூ ஸுஹ்ரா. ஆகவே நடுவர் ஒரு பக்கம் சாய்ந்தவர் என்ற பேச்சு அன்றே இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆறு பேரும் குறைஷிகள். ஸகீஃபாவில் தலைமை கேட்ட அன்சாரிகள் இங்கே பட்டியலிலேயே இல்லை. இரண்டும் சரியான குறைகள்தான். அப்படி இருந்தும், தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வேண்டுமானால் பதவிக்கான வாய்ப்பை இழக்க வேண்டும் என்று அவர் போட்ட நிபந்தனை, இந்த நான்கு வழிகளில் வேறு எதிலும் வெளிப்படையாக எழுதி வைக்கப்படாத ஒன்று. மற்ற இடங்களில் அது ஆளின் நற்குணத்தை நம்பி நின்றது. இங்கே அது விதியாக மாறியது.

எதில் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும் ஒருவர் இருந்து, நேரமும் இல்லை என்றால், அபூபக்கர் செய்ததுபோல் விசாரித்துவிட்டுப் பெயரைச் சொல்வது நல்லது. சொல்பவர் தன் வீட்டுக்குள் தேடாதவராக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பலர் ஏறத்தாழ ஒரே தகுதியில் இருந்தால் ஆறு பேர் வழி. அதில் ஒருவர் விலகி நடுவராகாவிட்டால் அது வெறும் இழுபறி. யாரையும் சொல்லாமல் திறந்து விடும் வழியை, உமரின் சொல்லை ஏற்று, நான் கடைசியில்தான் வைப்பேன். அதில் முதலில் கூடியவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள், துக்க வீட்டில் இருப்பவர்கள் விடுபட்டுப் போகிறார்கள்.

ஆனால் ஆறு பேர் வழியிலும் ஓர் ஓட்டை இருந்தது. தலைவரை ஏற்றுவதற்கு முறை வந்தது. தலைவர்மேல் புகார் வந்தால் என்ன செய்வது என்பதற்கு முறை வரவில்லை. உமர் தன் ஆளுநர்களுக்கு அதை வைத்திருந்தார். ஹஜ் காலத்தில் அவர்களை வரச்சொல்லி மக்களின் குறைகளைக் கேட்டார், ஆள் அனுப்பி விசாரித்தார், ஸஅதைக்கூட மாற்றினார். கலீஃபாவை யார் விசாரிப்பது? "நான் தவறினால் என்னைத் திருத்துங்கள்" என்று அபூபக்கர் முதல் உரையில் கேட்டுக்கொண்டார். அவர் இருந்தவரை அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. உஸ்மானின் பன்னிரண்டு ஆண்டு ஆட்சியின் முற்பகுதி அமைதியாகப் போனது. குர்ஆன் பிரதிகளை ஒழுங்குபடுத்தி நகரங்களுக்கு அனுப்பிய பெரும் பணி அவருடையது. பிற்பகுதியில் அவருடைய குலமான பனூ உமய்யாவைச் சேர்ந்த ஆளுநர்கள்மேல் புகார்கள் பெருகின. எகிப்திலிருந்தும் கூஃபாவிலிருந்தும் பஸராவிலிருந்தும் வந்தவர்கள் வீட்டை முற்றுகையிட்டுப் பதவி விலகச் சொன்னார்கள். அல்லாஹ் அணிவித்த சட்டையைக் கழற்றமாட்டேன் என்றார் உஸ்மான். தனக்காக மதீனாவில் இரத்தம் சிந்தக் கூடாது என்று காவலுக்கு வந்தவர்களையும் வாளை உறையில் போடச் சொன்னார். கி.பி. 656இல், குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த நிலையில் கொல்லப்பட்டார். அந்தப் புகார்களைக் கேட்டு முடிவு சொல்ல அப்துர் ரஹ்மானைப் போல ஒருவர் வேண்டியிருந்தது. அவர் சில ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

அதன் பின் அலீக்குப் பள்ளிவாசலில் பைஅத் நடந்தது. ஆறு பேரில் தல்ஹாவும் ஸுபைரும் அதே ஆண்டில் ஜமல் போரில் அவருக்கு எதிரணியில் வந்தார்கள். தல்ஹா களத்திலும், ஸுபைர் களத்தை விட்டு விலகிப் போன பிறகும் உயிரிழந்தார்கள். அலீக்குப் பின் ஆட்சிக்கு வந்த முஆவியா தன் மகன் யஸீதுக்கு முன்கூட்டியே பைஅத் கேட்டபோது, உமர் சினந்து ஒதுக்கிய வழி ஆட்சிமுறையாகவே ஆகிவிட்டது. இது ரோமப் பேரரசன் ஹெராக்ளியஸின் வழி, ஓர் அரசன் போனால் அவன் மகன் என்று எதிர்த்துச் சொன்னவர் அபூபக்கரின் மகன் அப்துர் ரஹ்மான் என்று பதிவுகள் உண்டு. பரம்பரை வழியிலும் ஒருவர் முயன்று பார்த்தார். 717இல் முந்தைய கலீஃபாவின் மூடி முத்திரையிட்ட உயிலில் தன் பெயர் வந்ததும், பனூ உமய்யா குடும்பத்தின் உமர் பின் அப்துல் அஸீஸ் மிம்பரில் ஏறி, உங்களைக் கேட்காமல் இந்தச் சுமை என்மேல் வைக்கப்பட்டது, உங்கள் கழுத்தில் உள்ள பைஅத்தை நான் கழற்றிவிட்டேன், உங்களுக்கு வேண்டியவரைத் தேர்ந்தெடுங்கள் என்றார். மக்கள் அவரையே வேண்டும் என்றார்கள். இரண்டரை ஆண்டுதான் இருந்தார். அவருக்குப் பின் பதவி மறுபடி பழைய குடும்ப வரிசைக்கே போனது.

உமரின் படுக்கையருகே கேட்ட கேள்வியை, கி.பி. 661இல் கூஃபாவில் அலீயின் படுக்கையருகேயும் கேட்டார்கள். அவரும் சுப்ஹு நேரத்தில்தான் வெட்டப்பட்டிருந்தார். "உங்களை நாங்கள் இழந்துவிட்டால் ஹஸனுக்கு பைஅத் செய்யட்டுமா?" ஹஸன் அவருடைய மூத்த மகன், நபியவர்களின் பேரர். அலீ சொன்னார்: "செய்யுங்கள் என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். உங்களுக்கே நன்றாகத் தெரியும்."